டர்போ வந்த பிறகு சத்தம் எங்கே போச்சு? கேட்டவர்கள் எழுதுங்கள்

வாளையாறு வாசி:

பாலக்காடு-திருச்சூர் சாலையின் குதிரான் சுரங்கம், ஞாயிறு காலை ஆறரை. திருச்சூர் போகும் குழாயில் முதலில் ஒரு ஃபெராரி 458. அது வெளியேறி அரை நிமிடம் கழித்து ஒரு 488. இங்கே வருபவர்களுக்கு இரண்டும் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று 4.5 லிட்டர், டர்போ இல்லாத வி8, நிமிடத்துக்கு 9000 சுற்று. மற்றது 3.9 லிட்டர், இரட்டை டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), 8000 சுற்று. சக்தி 570 பிஎஸ்ஸுக்கு 670. காகிதத்தில் 488 எப்போதோ ஜெயித்துவிட்டது.

458 உள்ளே நுழைந்து மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. வண்டி மறுபக்கம் வெயிலுக்குப் போன பிறகும் அந்தச் சத்தம் சுரங்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஊர்ந்த லாரியின் கிளீனர் பையன் இடுப்புவரை வெளியே நீட்டிப் பார்த்தான். பிறகு 488. அதே இறக்கம், அதே கியர். புது வேட்டியை நடுவில் கிழித்தது போல ஒரு சீறல், அடியில் கனமான ஒரு முனகல். நன்றாகத்தான் இருந்தது. கிளீனர் பையன் திரும்பவில்லை.

உறுத்துவது அதுதான். ஃபெராரி சும்மா இரண்டு டர்போவைச் சொருகிவிட்டுப் போகவில்லை. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதே தட்டை வகை. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் ஹெடர் குழாய்களைச் சம நீளத்தில் வளைத்திருக்கிறார்கள். 3000 சுற்றிலேயே வந்துவிடும் 760 நியூட்டன் மீட்டர் இழுவையைக்கூட கியர்வாரியாக அளந்து, முழுவதையும் ஏழாவது கியரில்தான் விடுகிறார்கள். சுற்று ஏற ஏற இழுவையும் ஏறுகிறது என்ற உணர்வு வர வேண்டும் என்பதற்காக. இத்தனை மெனக்கெட்டும் ஒரு தலை திரும்பவில்லை என்றால், போனது எது, எந்த இடத்தில் போனது?

சித்தூர் சைலன்சர்:

போன இடம் டர்பைன் வாசல், அதாவது டர்போவில் புகை தள்ளிச் சுற்றுகிற சக்கரத்தின் வாய். வேறெங்கும் தேட வேண்டாம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பாய்கிற காற்று ஒரு சுத்தியல் அடி. அடியின் முனை கூர்மையாக இருக்கிறவரைதான் அதில் மேல் சுரங்கள் (அடிச் சுருதியோடு கூடவே மேலே ஒலிப்பவை) இருக்கும். டர்போ வண்டியில் அந்த அடி நேராக ஒரு நத்தைக் கூட்டுக்குள் போய் விழுகிறது. சக்கரத்தைச் சுற்ற வைப்பதில் அதன் அழுத்தமும் சூடும் செலவாகி, மறுபக்கம் வரும்போது முனை மழுங்கிவிடுகிறது. செண்டைத் தோல்மேல் ஈரத் துண்டைப் போட்டுக் கொட்டச் சொல்லுங்கள். தாளம் தப்பாது, நாதம் செத்துவிடும். ஆக டர்பைன்தான் முதல் சைலன்சர். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக், சத்தத்தைக் குறைக்கும் ரெசனேட்டர், பின் பாக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு வரும் எடுபிடிகள்.

இது தெரியாமல் பணத்தைக் கொட்டிய ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ 1.2 டிஎஸ்ஐ டர்போ பட்டறைக்கு வந்தது. யாரோ பின் பாக்ஸையும் நடு ரெசனேட்டரையும் வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் ஓட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் பண்ணினால் பஜனை மடத்து ஆர்மோனியத்தின் ஒற்றைக் கட்டையை அமுக்கிப் பிடித்த மாதிரி ‘ம்ம்ம்’. மேலே போனாலும் அதே ம்ம்ம். ஹைவேயில் 2400 சுற்றில் காது அடைத்துக்கொண்டது.

ஏன் 2400? நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2400ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 80 ஹெர்ட்ஸ். சின்ன காரின் கேபின் அந்த இடத்தில்தான் கூடவே அதிரும். பாக்ஸைத் திரும்ப வைக்க உரிமையாளர் சம்மதிக்காததால் பக்கக் குழாய் போட வேண்டியதாயிற்று. ஒரு முனை மூடிய குழாயை மெயின் லைனில் டி மாதிரி வெல்டு செய்வது. நீளம் அந்தச் சத்தத்தின் அலைநீளத்தில் கால் பங்கு. 300 டிகிரி சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர். அதை 80ஆல் வகுத்து நாலால் வகுத்தால் ஒன்றரை மீட்டர். ஆனால் மூடிய குழாய்க்குள் காற்று ஓடாததால் அது மெயின் லைனைவிடச் சூடு குறைவு, அதனால் கடைசி நீளமும் கொஞ்சம் குறையும். 1.6 மீட்டரில் தொடங்கி, மூடியை இரண்டு பொட்டு வெல்டு மட்டும் வைத்து நிறுத்தி, ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டு சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டு வர வேண்டும். எடுத்த எடுப்பில் முழு வெல்டு அடித்தால் பிறகு அறுத்துத்தான் எடுக்கணும். குழாயின் விட்டம் மெயின் லைனுக்குச் சமம். மூணு சிலிண்டர் வண்டிக்கு இதே கணக்கு 60 ஹெர்ட்ஸ், இரண்டு மீட்டர். சின்ன ஹேட்ச்பேக்குக்கு அடியில் அதற்கு இடமே கிடையாது.

80 ஹெர்ட்ஸ் ஒழிந்தது. நாதம் மட்டும் வரவில்லை, வரவும் வராது. டர்போவுக்குப் பின்னால் எதை வெட்டினாலும் கூடுவது சத்தத்தின் அளவு. குணம் முன்னாலேயே முடிந்துபோன கதை.

இன்னொன்று. கம்பெனி அமைப்பை மாற்றுவதே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சிக்கும். சத்தத்துக்கு 190ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை தனி. வாளையாறு தாண்டினால் குனிந்து அடியில் பார்ப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டு 17:

சித்தூர் அண்ணே, நீங்க காதைப் பத்தியே பேசுறீங்க. காலைப் பத்திப் பேசுவோம்.

போடியிலிருந்து மேலே பதினேழு கொண்டை ஊசி. முன்னால ஒரு மாருதி பலேனோ ஆர்எஸ், 1.0 டர்போ, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். பின்னால ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக், 1.5, டர்போ கிடையாது, 106 பிஎச்பி. வளைவுல பலேனோ பிரேக் போட்டு இரண்டாவது கியர்ல 1600 சுத்துல உள்ள போகுது. டிரைவர் முழுசா மிதிச்சாச்சு. ஒண்ணுமில்ல. இன்னும் ஒண்ணுமில்ல. ஸ்டியரிங் நேராகிறதுக்கு முன்னாடி மொத்த இழுவையும் ஒரே மூட்டையா வந்து விழுது. உள்பக்க முன்சக்கரம் கீச்சுனு சுத்துது, மூக்கு வெளிப்பக்கம் தள்ளுது, மேலேயிருந்து மூணாறு பஸ் இறங்குது. அந்த பஸ் டிரைவர் போட்ட பிரேக்காலதான் அன்னைக்கு ஒண்ணும் ஆகல.

இந்தத் தாமதத்தை எல்லாரும் ‘லேக்’னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. அது ரெண்டு வேற வேற வியாதி. ஒண்ணு, சுத்து ரொம்பக் கீழ இருக்கிறது. டர்பைனைத் தள்ளுற அளவுக்குப் புகையே இல்ல. எவ்வளவு மிதிச்சாலும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பூஸ்ட் (டர்போ தர்ற கூடுதல் காத்தழுத்தம்) வராது. மருந்து கியர்தான். வளைவுக்குள்ள 2300, 2500க்குக் குறையாம போகணும், அதுக்கு முதல் கியர் வேணும்னா முதல் கியர். ரெண்டாவது, சுத்து சரியா இருந்தும் பிரேக் போட்ட நேரத்துல காலை எடுத்ததால டர்போ சக்கரத்தோட வேகம் தளர்ந்து போறது. இதுதான் நிஜ லேக். பிரேக்கை விட்டதும், வளைவோட நடு வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டரை லேசா, பத்துப் பதினஞ்சு சதவீதம் திறந்து வச்சா, வெளியேறுற இடத்துல டர்போ சக்கரம் ஏற்கெனவே சுத்திக்கிட்டு இருக்கும். ரேலிக்காரங்க மாதிரி இடது காலால பிரேக்கும் வலது காலால ஆக்சிலரேட்டரும் சேர்த்து மிதிக்கிறது இப்போ வர்ற பெரும்பாலான வண்டில நடக்காது. ரெண்டையும் சேர்த்து மிதிச்சா கம்ப்யூட்டர் த்ராட்டிலை (என்ஜினுக்குக் காத்து விடுற கதவை) மூடிடும்.

நியாயமா இதையும் சொல்லணும். உயரம் ஏற ஏற டர்போதான் ராஜா. ஆயிரம் மீட்டருக்குப் பத்துல ஒரு பங்கு காத்து குறையும், சிட்டி அதை அப்படியே இழக்கும். டர்போ சக்கரத்தைக் கொஞ்சம் கூடச் சுத்தி அதை ஈடுகட்டிக்கும். மேட்டுல சிட்டிக்கு மூச்சு வாங்குது, பலேனோவுக்கு ஒண்ணும் தெரியல.

ஆனா சிட்டில மீட்டரைப் பாக்கவே வேண்டாம். 3000, 4500, 6000 மூணுக்கும் மூணு குரல். எப்ப கியர் மாத்தணும்னு காது சொல்லும். பலேனோல இழுவை நடுவுலயே முடிஞ்சுடுது, குரலும் மாறல. ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே உச்சச் சுத்தைத் தடுக்கிற லிமிட்டர்ல போய் முட்டுது. சத்தம்கிறது அலங்காரம் இல்லண்ணே, அது ஒரு மீட்டர்.

கோவிந்தாபுரம் கேரேஜ்:

தம்பி, சத்தம் மீட்டர்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு சாட்சி வேணுங்களா?

டியாகோ ஜேடிபி. நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018ல விட்ட வண்டிங்க. 1.2 மூணு சிலிண்டர் டர்போ, 114 பிஎஸ். பொள்ளாச்சியிலிருந்து வந்தவர் ‘அண்ணா, விசில் கேளுங்க, இப்பத்தான் வண்டிக்கு உயிரே வந்திருக்கு’ன்னு பெருமையா ஆக்சிலரேட்டரைக் கொடுத்தாருங்க. சைரன் மாதிரி ஏறி இறங்குச்சு. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். நல்ல டர்போன்னா நிறுத்தின பிறகு ஒண்ணு ரெண்டு நொடி மெல்லச் சுத்தித்தான் அடங்கும். இது ‘கிர்’னு ஒரு சத்தத்தோட பட்டுனு நின்னுச்சுங்க. டர்போ சக்கரம் அதோட கூட்டை உரசுது. அவர் ரசிச்சது சாவு மணி.

இப்ப எல்லாருக்குமா சேர்த்துச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. காத்து உள்ள போற இன்டேக் ஹோஸைக் கழட்டி, ஆறின டர்போவோட தண்டை விரலால பிடிங்க. பக்கவாட்டுல மயிரிழை அசையும், அது எண்ணெய்ப் படலத்துக்கு விட்ட இடம், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரியற மாதிரி அசைஞ்சா, தண்டை முன்பின் நகராம பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங் போச்சு. இறக்கை நுனி கூட்டுல பட்டுத் தேஞ்ச பளபளப்பு இருந்தா அன்னைக்கே வண்டியை நிறுத்துங்க, உடைஞ்ச துண்டு, காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குள்ள போனா செலவு மூணு மடங்கு. புது டர்போ போடறவங்க ஆயில் ஃபீட் பைப்பையும் சேர்த்து மாத்துங்க. பழைய பைப்புல கரி அடைச்சிருக்கும், அதை வச்சே புதுசும் போகும். மாட்டும்போது எண்ணெய் வாயில சுத்தமான ஆயில் ஊத்தி, ஸ்பார்க் வராம செல்ஃப் மட்டும் பத்துப் பதினஞ்சு நொடி அடிச்சு, ஆயில் பிரஷர் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. சின்ன டர்போ நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்துக்கு மேல போறதுங்க. ரெண்டு நொடி காய்ஞ்சு ஓடினாலும் பேரிங்ல கோடு விழும்.

விசில் எல்லாமே சாவு விசில் இல்லீங்க. மிதிச்சா மட்டும் ‘புஸ்ஸ்’னு வந்து, இழுவையும் குறைஞ்சா ஹோஸ்ல ஓட்டை. இன்டேக் வாயை அடைச்சு 0.5 பார் காத்து விட்டு, சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை காட்டிக் கொடுக்கும். குளிர் என்ஜின்ல ‘டக் டக்’னு தட்டி, சூடானதும் நின்னுட்டா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல், இல்லைன்னா கேஸ்கெட். ஐடில்ல கிலுகிலுப்பை மாதிரி கேட்டா வேஸ்ட்கேட் (மிச்சப் புகையை டர்பைனுக்குள்ள விடாம ஒதுக்கி விடற கதவு) கைப்பிடி புஷ் தேஞ்சிருக்கு. ஆயில், வண்டிக் கம்பெனி சொன்ன கிரேடு மட்டும். பாலக்காட்டுக் கணவாய் வெயில்ல ஓடற வண்டிக்குப் புத்தகத்துல போட்ட கிலோமீட்டரை எதிர்பார்க்காம முன்னாடியே மாத்துங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஐடில், கட்டாயம்.

காத்தடைப்பான்:

கோவிந்தாபுரம் அண்ணா, கடைசி வரியை ஏத்துக்க முடியாது. ரெண்டு நிமிஷம் ஐடில் என்பது தண்ணீர் சுற்றாத பழைய டீசல் டர்போவுக்குச் சொன்ன சட்டம். இப்போதைய பெட்ரோல் டர்போவின் நடுக்கூட்டில் கூலன்ட் ஓடுகிறது, பல வண்டிகளில் நிறுத்தின பிறகும் எலக்ட்ரிக் பம்ப் ஓடுகிறது. வால்பாறை நாற்பது கொண்டை ஊசியை விரட்டி ஏறிவிட்டு அடுத்த நொடியே சாவியைத் திருப்பினால் தப்பு. கடைசி ஒரு கிலோமீட்டரைப் பூஸ்ட் இல்லாமல் ஓட்டினால் அதுவே போதும், ஐடிலைவிட நல்லது.

என் புகார் வேறு. உக்கடத்தில் பார்த்த ஒரு வண்டி. காலை எடுத்தால் ‘ட்டுட்டுட்டுட்டு’. சுற்றி நின்ற பசங்க கைதட்டினார்கள். அதை வேஸ்ட்கேட் சத்தம் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள். வேஸ்ட்கேட் எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. த்ராட்டில் மூடியதும் போக்கிடமில்லாத காற்று திரும்பி வந்து, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கையில் வெட்டுப்படும் சத்தம் அது. அந்தக் காற்றுக்கு வழிவிடக் கம்பெனி வைத்த பைபாஸ் வால்வை அடைத்துவிட்டு வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். ஒவ்வொரு ‘ட்டு’வும் கோவிந்தாபுரம் அண்ணா சொன்ன அதே த்ரஸ்ட் பேரிங்கில் விழும் அடி.

‘ப்ஷ்ஷ்’ என்று வெளியே விடும் வால்வு வேண்டுமா? முதலில் வண்டி காற்றை எதைக் கொண்டு அளக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை எண்ணுவது) இருந்தால், அது எண்ணிவிட்ட காற்றை நீங்கள் வெளியே விடுகிறீர்கள். இல்லாத காற்றுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது குலுங்கும், கரும்புகை வரும், நாளடைவில் கேட்டலிட்டிக் போகும். இன்டேக் மேனிஃபோல்டில் மேப் சென்சார் (காற்றழுத்தம் பார்ப்பது) வைத்து மட்டும் அளக்கும் வண்டி இதை ஓரளவு தாங்கும். காலை எடுத்தால் பட்டாசு வெடிக்கும்படி கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இக்னிஷனைத் தாமதப்படுத்தி, பெட்ரோலை எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி எரியவிடுவதுதான் அந்த வெடி. எரிவது உங்கள் டர்பைனுக்குள்.

செட்டிபாளையம் கேலரி:

நாதத்தைக் கொல்வது டர்பைன்தான் என்று சித்தூர்க்காரர் சொன்னது சரி. அதற்கு எண்ணிக்கையில் சாட்சி இருக்கிறது.

மலேசியாவின் செபாங் பந்தயத்தடம், 2013, 2014. இரண்டும் ஃபார்முலா ஒன் (எஃப்1), ஒரே ஸ்டாண்ட், ஒரே நேர்ப்பாதை. 2013இல் 2.4 லிட்டர் வி8, 18000 சுற்று. காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியவில்லை, பேச்சென்பது சைகை மட்டும். மறு வருடம் 1.6 லிட்டர் வி6 டர்போ. முதல் திருப்பத்தில் ஒரு கார் பிரேக்கைப் பூட்டிக்கொண்டது, டயர் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச் காதில் விழுந்தது. என்ஜின்களைத் தாண்டி டயர் சத்தம் கேட்ட அந்த நொடியை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கணக்குப் போடுங்கள். வி8 18000இல் 1200 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டானில் டொயோட்டா வி10. அந்தக் காலத்து வி10 ஒன்று 19000 சுற்றில் 1580க்கும் மேல். 2014இல் வந்த வி6 பந்தயத்தில் வழக்கமாகத் தொட்ட 12000இல் 600 ஹெர்ட்ஸ்தான். விதி 15000 வரை அனுமதித்தாலும் எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோ என்று கட்டிப்போட்டதால் 12000க்கு மேலே போய் லாபமில்லாமல் போனது.

இப்போது வாளையாறு வாசியின் 458ஐ எடுங்கள். 9000 சுற்றில் வி8, அதுவும் 600 ஹெர்ட்ஸ். அதே சுருதி! ஒன்றைக் கேட்டால் மயிர்க்கூச்செறிகிறது, மற்றதைக் கேட்டால் இல்லை. 458க்கும் 488க்கும் உச்சச் சுற்று வித்தியாசம் 9000க்கு 8000, அதாவது ஒன்பதுக்கு எட்டு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது சட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம், ஒரே ஒரு படி. ஆகவே ‘சுற்று குறைந்ததால்தான் போச்சு’ என்று முடிக்க வேண்டாம். சுருதி இருக்கிறது, அதன்மேல் ஏறி நிற்க வேண்டிய மேல் சுரங்களை டர்பைன் தின்றுவிட்டது. எஃப்1இல் கூடுதல் கொடுமை, டர்போத் தண்டிலேயே ஜெனரேட்டரை வைத்து மிச்ச சக்தியையும் உறிஞ்சினார்கள்.

வெளியே எதை மாட்டினாலும் வராது என்பதற்கும் அங்கேயே சாட்சி. 2014 மே மாதம் பார்சிலோனா டெஸ்ட்டில் மெர்சிடிஸ் எக்ஸாஸ்ட் நுனியில் நாதஸ்வர அணைசு மாதிரி ஒரு பெரிய புனலை மாட்டிப் பார்த்தது. பார்க்கச் சிரிப்பாக இருந்ததே தவிர சத்தம் பெரிதாகக் கூடவில்லை, கைவிட்டார்கள். 2016இல் வேஸ்ட்கேட் புகையைத் தனிக் குழாயில் விடச் சொல்லி விதி வந்தது. அது கொஞ்சம் உதவியது, ஏனென்றால் அந்தப் புகை டர்பைனுக்குள் போகாமல் வருவது.

தூசி:

ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் விடும் வண்டிகளை ஏன் யாரும் சொல்லவில்லை? பிஎம்டபிள்யூ எம்5 2011லேயே தொடங்கிவிட்டது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயில் முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு அதிர்வுப் பெட்டி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் இத்தனை நாள் ரசித்தது எது என்று தெரியும். போர்ஷேகாரன் 2016இல் தன் கேமன் காருக்கு நாலு சிலிண்டர் டர்போ போட்டான், இழுவை கூடியது, ஆனால் சத்தத்துக்காகத் திட்டு வாங்காத நாளில்லை. 2020இல் அதன் ஜிடிஎஸ் வகைக்கு டர்போ இல்லாத 4.0 ஆறு சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்தான். மற்றபடி சைலன்சர் அண்ணாவின் ஒன்றரை மீட்டர் கணக்கு அருமை.

வாளையாறு வாசி:

கேலரி நண்பரே, சுருதிக் கணக்கு என் நினைப்பைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. ஆனால் சுரங்கத்தில் யாரும் 9000 தொடவில்லை. இரண்டும் இரண்டாவது கியரில் ஐயாயிரம், ஆறாயிரம்தான் இருக்கும். அப்படியென்றால் சுருதியும் ஏறக்குறைய ஒன்றே, மிச்சம் முழுக்க டர்பைன் கணக்கு. போடிமெட்டுத் தம்பி சொன்னதும் அங்கே இருந்தது. 458 இறங்கும்போது சுற்று எத்தனை ஏறியது என்று வெளியே நின்றே சொல்லிவிடலாம். 488இல் கியர் மாறியது மட்டும் தெரிந்தது.

அடுத்த கேள்வி ஃபெராரி 296. 120 டிகிரி வி6, டர்போ இரண்டும் வி-யின் நடுவில், 8500 சுற்று, ஃபெராரி பொறியாளர்களே ‘சின்ன வி12’ என்று செல்லப் பெயர் வைத்தது. டர்பைன் அதே வேலையைத்தான் அங்கும் செய்ய வேண்டும், ஆனாலும் மேல் சுரம் இருக்கிறது என்கிறார்கள். கொச்சியிலிருந்து ஒன்று இந்தப் பக்கம் வருவதாகக் கேள்வி. குதிரானில் கேட்க நினைப்பவர்கள் காலை ஏழுக்கு முன் வாருங்கள், அதற்குப் பிறகு லாரி. நாலு ஜன்னலையும் இறக்கி, ஏசி ஃபேனை அணைத்துவிட்டு, இடது ஓரமாகவே போங்கள். சுரங்கத்துக்குள் நிறுத்தாதீர்கள்.